‘அட்மிட்’டுக்காகத் திண்டிவனம் போன கதை

சென்ற திங்கட்கிழமை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நீதிமன்றம் வரை சென்று வந்தேன். வழக்கு வேலையாக அவ்வழியே போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நான் போனது ஓர் ஆங்கில வினைச்சொல்லுக்காக.

ஈராண்டுக்கு முன் திண்டிவனம் ஆட்டோ ஓட்டுநர்களுக்கென்று ஆங்கில ஆசிரியரான நான் நூறு ஆங்கில வினைச்சொற்களைத் தமிழ்ப் பொருளோடு அட்டையில் அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது நான் வகுத்த விதி. ‘அட்மிட்’ என்பதற்கு எதிரே ‘மருத்துவமனையில் சேர்’ என்று மட்டும் போட்டேன்.

அந்த அட்டையை வைத்திருந்தவர்களுள் ஏழுமலையும் ஒருவர், என் வயதுதான். புறவழிச்சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைத் தம் ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் அடிபட்டவர் இறந்தார். மோதிய வண்டி அகப்படவில்லை. விசாரிக்க வந்தவர் நீட்டிய தாளில், ஆங்கிலம் என்றால் மதிப்பு என்று எண்ணி, ஏழுமலை கைப்பட எழுதினார்: ‘ஐ அட்மிட் ஆக்சிடென்ட் கேஸ். மை ஆட்டோ.’ சேர்த்ததைத்தான் சொன்னார். விபத்தைத் தாமே செய்ததாக ஒப்புக்கொண்டார் என்று படித்து, அவர்மேலேயே வழக்குப் போட்டார்கள். அந்தச் சொல்லுக்கு அப்படியும் பொருள் உண்டு.

காலை 8.10 பேருந்து, 38 கிலோமீட்டர், கட்டணம் 35 ரூபாய். 9.05க்கு இறங்கினேன். (ரயில் மலிவு, ஆனால் நேரத்தை நம்ப முடியாது.) ஆட்டோ நிறுத்தத்தில் ஏழுமலை ஆட்டோ இல்லாமல் நின்றார், அது காவல் நிலைய வாசலில் நிற்கிறது. பக்கத்து வண்டிக்காரர், “இன்னா அட்மிட்டு, வாத்தியார இட்டுக்கினு வந்துட்டியா?” என்றார். நிறுத்தத்தில் அவருக்கு இப்போது அதுதான் பட்டப்பெயர்; ஏழுமலை திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழுமலையின் வழக்கறிஞர் அட்டையை இருமுறை படித்தார். இரண்டு பொருளில் அகராதி எதை முதலில் சொல்கிறது என்று கேட்டார். ஒப்புக்கொள்வதை என்றேன்.

“கூண்டுல கேட்டாலும் இதையேதான் சொல்வீங்களா சார்?”

ஆம் என்றேன். “எதிர்த்தரப்புக்கு அதுவே போதும். ஆனா அட்டைக்கு வேற சாட்சி இல்ல” என்று அவர் வழக்குக் கோப்பை மூடி வைத்தார்.

வெளியே வந்ததும் ஏழுமலை மெதுவாகச் சொன்னார்: “இன்னொரு அர்த்தம் கீதுன்னு போட்டிருந்தா தமிழ்லயே எழுதியிருப்பேன் சார். அந்தாளு மூச்சு வாங்கிக்கினு கெடந்தாரு. ஒருத்தனும் வண்டிய நிறுத்தல.”

12.40 பேருந்தில் திரும்பினேன்.

போகிறவர்கள் பத்து மணிக்குள் சென்றுவிடுங்கள், குடிநீர் கொண்டுபோங்கள். எந்தத் தாளிலும் தமிழில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அட்டை தயாரிக்கும் ஆசிரியர்கள், இடம் போதவில்லையென்றால் சொற்களைக் குறையுங்கள், பொருளைக் குறைக்காதீர்கள்.

விசாரணையன்று அதே 8.10 பேருந்தில் போவேன். முதற்பொருள் எது என்று கேட்பார்கள். ஏழுமலை எதிரே நிற்க, நான் சொல்லியாக வேண்டும்.