ரோஸ்லின் கூப்பிட்டாச்சா?

ரோஸ்லின் அக்கா போய்விட்டார். இன்று காலை, மணப்பாட்டில், அவருடைய வீட்டில். நெஞ்சு வலிக்கிறது என்றாராம்... காரை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் பல வருடம் எதிரெதிர் மேஜையில் வேலை பார்த்தோம். சால்டரிங், வயரிங் நான். உள்ளே ஓடுகிற சாஃப்ட்வேர் அக்கா. சண்டை போடாத நாள் கிடையாது.

அழுதுகொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அக்கா என்றாலே அந்தக் காயல்பட்டினம் சங்குதான் முன்னால் வந்து நிற்கிறது... நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறுகிறது! சொல்லிவிடுகிறேன்.

அங்கே ஒரு பள்ளிவாசலில் ரமலான் மாதம் நோன்பு திறக்கச் சங்கு ஊதுவார்கள். சங்கு என்றால் சைரன். ஆளுக்கு ஒரு செல்போன் இருந்தாலும் சங்கு ஊதாமல் யாரும் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்க மாட்டார்கள்.

பள்ளிவாசல் மோதினாரைக் காக்கா என்போம், அந்த ஊரில் காக்கா என்றால் அண்ணன்; அவர்தான் சுவிட்சை அமுக்குவார். அமுக்கிவிட்டு, தொழுகைக்குக் கூப்பிடுகிற பாங்கு சொல்ல ஓட வேண்டும். தானாக ஊதுகிற மாதிரி ஒரு பெட்டி செய்து தாருங்கள் என்று கேட்டார்.

செய்தோம். உள்ளே ஒரு குட்டி போர்டு, அதில் ஒரு குட்டி லினக்ஸ். கரண்ட் வந்தால் எது முதலில் எழுந்திருக்க வேண்டும், போனால் எது முதலில் படுக்க வேண்டும்... அந்த வரிசையை எழுதுவது அக்காவின் வேலை.

ரமலானுக்கு முந்தின வாரம் ட்ரயல். பெட்டியை மாட்டி, சுவிட்சைப் போட்டோம். நட்ட நடு மத்தியானம், ஊஊஊ என்று ஒரே ஊதல்! தெருவே வெளியே வந்துவிட்டது.

நடந்தது இதுதான். போர்டு முழித்ததும் அதற்கு மணி என்னவென்றே தெரியாது. பேட்டரி போட்ட ஒரு சின்னக் கடிகார சிப்பிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அது கேட்பதற்குள் சங்கு முந்திக்கொண்டு எழுந்து, தப்பான மணியை நம்பி ஊதிவிட்டது.

"முக்கியமானது முதல்ல எந்திரிக்கட்டும்னுல்லா போட்டேன்!" என்று அக்கா தலையில் கை வைத்தார். அடுத்த நிமிஷம் சிரிக்க ஆரம்பித்தவர்தான்... நிறுத்தவே இல்லை.

மோதினார் காக்கா சிரிக்கவில்லை. "நோன்பு அன்னைக்கு இப்படி ஊதுச்சுன்னா தெரு நோன்பு பூரா போச்சும்மா. இன்னொரு தடவ தப்பா ஊதுனா, பெட்டியக் கழட்டி உங்க கையிலயே தந்துருவேன். பாத்துக்கிடுங்க."

அக்கா வரிசையைத் தலைகீழாகப் போட்டார். முதலில் கடிகாரம். மணியில் சந்தேகம் இருந்தால் மேற்கொண்டு யாரும் எழக்கூடாது. சங்கு கடைசியில்.

கரண்ட் போனால் அப்படியே திருப்பி. சங்கு முதலில் படுக்கும், அப்புறம் மெமரி கார்டை மூடும், அப்புறம்தான் போர்டு அணையும். அந்தச் சில நொடிகளுக்கு நான் ஒரு பேட்டரி வைத்துக் கொடுத்தேன்.

எல்லாம் சரியாக எழுந்துவிட்டால் ஒரு 'பீப்'. அதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்தார். "நம்ம பெட்டி முழிச்சிட்டுன்னு ஊருக்குத் தெரியாண்டாமாலே?" அந்தத் திமிர்தான் அக்கா!

ரமலானில் முதல் வெள்ளிக்கிழமை. நான் மோதினார் காக்காவோடு சுவிட்ச் ரூமில். அக்கா எதிரே காக்கா வீட்டில், பெண்களோடு. இரண்டு பேர் காதிலும் போன்.

சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம்தான். தெருவே கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறது... கரண்ட் கட்!

பெட்டி அணைந்தது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். பெட்டி பைய முழிக்கிறது... முழிக்கிறது... சத்தமே இல்லை. காக்காவின் கை பழைய சுவிட்சுக்குப் போய்விட்டது.

"நேரம் நெருங்கிட்டு தம்பி, நானே அமுக்கிருதேன்."

போனில் அக்கா கத்துகிறார். "காக்கா, பொறுங்க! ஏலே சுடலை, அவர் கையப் பிடிலே!"

பிடித்தேவிட்டேன்.

பீப்.

காக்கா தன் வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். முள் வந்து நிற்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. அடடா... அந்தச் சத்தம்! போனுக்குள் பெண்கள் எல்லாரும் கத்துகிறார்கள். அதையும் தாண்டி அக்கா, "ஊதிட்டுலே! ஊதிட்டு!"

நான் காக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "விடு தம்பி, பாங்கு சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே ஓடினார். பெட்டி கழற்றப்படவே இல்லை.

அக்காவும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கிறிஸ்தவர்களின் தவக்கால வெள்ளி, அவருக்கு ஒருசந்தி; ஒரு வேளைதான் சாப்பாடு, கறி கிடையாது. காக்கா வீட்டம்மா கஞ்சியை நீட்டினார்... கறி போட்ட கஞ்சி! அக்கா தொடக்கூடாது. ஒரு பேரீச்சம்பழமும் வடையும் தின்றுவிட்டு வழியெல்லாம் அந்தக் கஞ்சி வாசத்தைப் பற்றியே புலம்பினார். அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, "பெட்டிய செக் பண்ணணும்லே, வண்டிய எடு" என்றார். பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரெண்டு கிண்ணம்!

பெட்டி இப்போது வருஷம் முழுக்க ஆனில்தான் இருக்கிறது. அந்தத் தெருவில் கரண்ட் வந்து வந்து போகும். பீப் கேட்டால் நிலையாக வந்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம்தான் மோட்டார், மிக்சி எல்லாம். அதனால் அந்த பீப்புக்கு அக்கா பெயரையே வைத்து வீட்டுக்கு வீடு கேட்பார்களாம், "ரோஸ்லின் கூப்பிட்டாச்சா?" என்று. இதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா ஆபீஸுக்கே அல்வா வாங்கிக் கொடுத்தார்.

காலையில் காக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "யா அல்லாஹ்" என்றார். பிறகு, "எத்தன மணிக்கு அடக்கம்? வீட்டுலயும் கூட்டிட்டு வாறேன். அவகிட்ட இத எப்படிச் சொல்லுதுன்னு தெரியல" என்றார்.

அங்கே கரண்ட் போயிருந்தது போல. பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் சுற்றத் தொடங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து, போனுக்குள்ளிருந்து அந்த பீப்.

உள்ளே இருந்து காக்கா வீட்டம்மா குரல் கொடுத்தார். "ரோஸ்லின் கூப்பிட்டாச்சு! மோட்டாரப் போடுங்க!"

காக்கா மோட்டாரைப் போடுகிற சத்தம் போனில் கேட்டது.

அடக்கம் இன்று மாலை, மணப்பாட்டில். நான் கிளம்பிவிட்டேன்.

போயிட்டு வாங்க அக்கா...