மின்சாரக் காருக்குப் பின்னால் ஒரு கயிறு

போன வியாழக்கிழமை காலை என் தோல் தொழிற்சாலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வந்ததைக் கண்ணால் பார்த்ததோடு சரி... காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. என்ஜின் ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து, வாட்ச்மேன் தள்ளிவிட ஓடினார். பின்னால் கை வைத்தார். கார் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் தானாக உள்ளே போய்விட்டது!

இறங்கியவள் நிர்மலா. குடியாத்தத்தில் பவர்லூம் வைத்திருக்கும் என் தோஸ்த் ஒருவரின் மகள். பெங்களூரில் நாலைந்து இன்ஜினீயர்கள் சேர்ந்து ஒரு ஷெட் போட்டு பேட்டரி கார் செய்கிறார்கள். அவர்களில் இவளும் ஒருத்தி. பேட்டரி கார் என்றதும், பொருட்காட்சியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகுமே, அதை நினைக்காதீர்கள். இது ரேஸ் கார் ஜாதி. சிவப்பு நிறம். தரையோடு தரையாகக் கிடக்கும். இரண்டே சீட்.

அந்த இரண்டு சீட்டுக்கும் தோல் கொடுத்தது யார்? வேறு யார்... நான்தான்!

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஈரத்தோலைத் தோளில் சுமந்து ஆரம்பித்தேன், இன்று ஜெர்மனிக்காரன் காலில் ஷூவாக என் தோல் இருக்கிறது. இதை இந்தப் பத்தியில் பல வாரம் சொல்லியிருக்கிறேன் என்கிறீர்களா? இன்னும் பல வாரம் சொல்வேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

“மெல்லிசா இருந்தா போதும் அங்கிள்” என்றுதான் நிர்மலா கேட்டிருந்தாள். நான் கேட்பேனா? எங்கள் ஆம்பூரில் ஒரு தோலைக் கையில் கொடுத்தால், முதலில் இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார்கள். விரலுக்கு நடுவே கனம் நின்றால்தான் அது சரக்கு. மெல்லிசாகக் கொடுத்தால் பேரணாம்பட்டு வரை என்னைப் பற்றிப் பேச்சு ஓடும். நல்ல கனமான எருமைத் தோலாகக் கொடுத்தேன். தோலுக்கு ஏற்றபடி, சோபா செய்கிற ஆளை வைத்து இரும்புச் சட்டமும் போட்டுக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் பூந்தமல்லியில் ஒரு பெரிய மனிதர் காரைப் பார்க்கக் காத்திருந்தார். அவர் சரி என்று பணம் போட்டால் நிர்மலா கூட்டம் இரண்டாவது கார் செய்யலாம். இல்லையென்றால் ஷெட்டுக்குப் பூட்டு. ராத்திரி ஃபிளைட்டில் அவர் வெளிநாடு போகிறார். அவர் போட்டது ஒரே கண்டிஷன்... லாரியில் ஏற்றியோ, இன்னொரு வண்டி இழுத்தோ கார் வரக்கூடாது. பெங்களூரிலிருந்து தன் சக்கரத்தில் தானே ஓடி, ஒரே நாளில் வரவேண்டும்.

நடுவில் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டும். எங்கே? என்னிடம்தான். “கரண்டா? நம்ம ஃபேக்டரியில இல்லாத கரண்டா?” என்று போனில் சொல்லியிருந்தேன்.

“சார்ஜ் போடறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு வர்றீங்களா அங்கிள்?” என்றாள். ஏறினேன்.

பைபாஸில் அவள் காலை அழுத்தினாள் பாருங்கள்... சாயம் ஏற்றும் டிரம்மில் போட்ட தோல் முதல் சுற்றில் போய்ப் பலகையில் அடிக்குமே, அப்படி என் முதுகு சீட்டில் அடித்தது. கியர் கிடையாது. உறுமல் கிடையாது. வேலூர் எக்ஸ்பிரஸ் பஸ் பின்னால் புள்ளியாகிவிட்டது. எத்தனையோ வெளிநாட்டுக் கார்களில் உட்கார்ந்தவன் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் இனி வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான் என்று மாதனூரில் முடிவு கட்டினேன்.

திரும்பி வந்து பிளக்கை மாட்டினோம். கரண்ட் போய்விட்டது.

நம் பக்கத்துப் பவர் கட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன? ஜெனரேட்டரைப் போடச் சொன்னேன். போட்டார்கள். கார் பிளக்கை அதில் மாட்டியதும் ஜெனரேட்டர் ஒரு முனகு முனகியது. உள்ளே டிரம் நின்றுவிட்டது.

டிரம் என்றால் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் மரப் பீப்பாய். உள்ளே தோலும் சாயத் தண்ணீரும் உருண்டுகொண்டே இருக்க வேண்டும். எங்கள் மேஸ்திரி காதர் ஓடிவந்தார்.

“மொதலாளி! டிரம் நின்னுடுச்சு! சாயம் ஏறிக்கினு இருக்குது, இப்ப நின்னா தோலு திட்டுத்திட்டா ஆய்டும். இன்னா மாட்னீங்க அதுல?”

“கார்ப்பா.”

“காரா? கார எதுக்கு மொதலாளி கரண்ட்ல மாட்னீங்க?”

ஒரு பக்கம் கப்பலுக்குப் போக வேண்டிய தோல். இன்னொரு பக்கம் என்னை நம்பி வந்த பெண். ஜெனரேட்டரோ ஒன்றைத்தான் தாங்கும். நான் எதையும் சொல்வதற்குள் நிர்மலாவே பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

“டிரம் ஓடட்டும் அங்கிள். நடுவுல தறி நின்னா எங்க வீட்ல யாருக்கும் சோறு எறங்காது. எனக்குத் தெரியும். நா வெயிட் பண்றேன்.”

சொல்லிவிட்டாள். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் மனைவி எஸ்தர் கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை. கரண்ட் வரவேயில்லை. ஒருவழியாகச் சாயம் முடிந்து டிரம்மை நிறுத்தியதும் ஜெனரேட்டரைக் காருக்குக் கொடுத்தோம்.

எஸ்தர் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். எதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். புகை கக்கும் ஜெனரேட்டரைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள்.

“இன்னாங்க... டீசல ஊத்தி கரண்ட் எடுத்து, அந்தக் கரண்ட்ல கார் ஓட்டறதுக்கு, டீசலையே கார்ல ஊத்திட்டா இன்னா?”

“ஆன்ட்டி, ப்ளீஸ்!” என்று நிர்மலா சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இனிமேல் நின்றால் அந்த மனிதர் ஃபிளைட் ஏறிவிடுவார் என்ற நேரம் வந்தது. பேட்டரி பாதியைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. தரையில் குந்தி உட்கார்ந்து நிர்மலா கணக்குப் போட்டாள்.

“காலைல போன மாதிரி போனா வாலாஜா தாண்டமாட்டோம் அங்கிள். வேகமா போனா காத்தத் தள்றதுக்கே பேட்டரி காலியாய்டும். மொபெட் ஸ்பீட்ல போனா போய்டலாம். ஏ.சி. வேணாம். பாட்டு வேணாம். வெயிட்டும் கம்மி பண்ணணும்.”

பெட்டி இறங்கியது. டூல்ஸ் இறங்கியது. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவள் பக்கத்து சீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தேன். பூந்தமல்லியில் அந்தக் காரிலிருந்து இறங்கும் முதல் ஆள் நானாக இருக்க வேண்டாமா?

“அங்கிள்... கோச்சுக்காதீங்க. நீங்களும் எறங்கணும்.”

எஸ்தர் விடுவாளா? “வெயிட்டு ஜாஸ்தி, கொறைங்க கொறைங்கன்னு நானும் எத்தினி வருஷமா சொல்றேன். ஒரு கார் சொன்னாதான் கேக்கறீங்க!”

இறங்கினேன். நிர்மலா இன்னும் நான் எழுந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

“இதுவுமா?”

“இதுவும்தான் அங்கிள். போற எடத்துல திரும்ப மாட்டிக்கலாம்.”

கழற்றினோம். காதரும் இன்னொரு ஆளும் தூக்கினார்கள். பாதி வழியில் கீழே வைத்துவிட்டு, “சீட்டா மொதலாளி இது? சிம்மாசனம்!” என்றார் காதர். என் டீசல் ஜீப்பில் ஏற்றினோம். கூடவே ஒரு தேங்காய் நார்க் கயிற்றையும் எடுத்துப் போட்டேன். நிர்மலா பார்த்துவிட்டாள்.

“கயிறு எதுக்கு அங்கிள்?”

“சும்மா... சீட்டக் கட்றதுக்கு.”

கிளம்பினோம். முன்னால் அவள், பின்னால் ஜீப்பில் நானும் எஸ்தரும். காலையில் எக்ஸ்பிரஸ் பஸ்ஸைப் புள்ளியாக்கிய கார்... பள்ளிகொண்டாவில் ஒரு மொபெட் அதைத் தாண்டிப் போனது. பின்சீட்டில் வாழைத்தாரோடு! ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி, “இன்னாம்மா, கல்யாணப் பொண்ணு ஊர்வலமா? ஓரமா போ!” என்று கத்தினார். அவள் திரும்பக்கூட இல்லை. ஒரே வேகம். ஒரே கோடு.

ஸ்ரீபெரும்புதூர் வந்தபோது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு விரலைக் காட்டினாள். பேட்டரி மீட்டரில் ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம் என்று அர்த்தம். என் கை தானாகப் பின்பக்கம் போனது.

“கயித்துல கைய வெக்காதீங்க” என்றாள் எஸ்தர், ரோட்டைப் பார்த்தபடியே. “ஒரு தடவ இழுத்தாலும் அது தானா வந்த கார் இல்ல.”

கையை எடுத்தேன்.

தெரு விளக்கு எரிய ஆரம்பித்த நேரம், அந்த மனிதர் வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி சீட்டை மாட்டினோம். கேட்டுக்குள் கார் நுழைந்ததும் அந்தக் கடைசிக் கட்டமும் மின்னி மின்னி அணைய ஆரம்பித்தது. பெரிய மனிதர் வந்தார். சீட்டில் உட்கார்ந்தார். தடவினார். “பிரமாதமான தோல்” என்றார். (இதை நான் எழுதாமல் விடுவேன் என்று நினைத்தீர்களா?)

“எவ்வளவு வேகம் போகும்? ஓட்டிக் காட்டுங்க” என்றார்.

நிர்மலா பொய் சொல்லவில்லை. “வேகம் காட்டற அளவுக்கு இன்னிக்கு சார்ஜ் இல்ல சார். வழியில கரண்ட் இல்ல. மெதுவா ஓட்டினதாலதான் வந்து சேர்ந்தேன்.”

அவர் முகம் மாறியது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“சார், வேகத்த காலைல நா முதுகால பாத்துட்டேன், அதுல டவுட்டே வேணாம். வேகமா போற கார்ல ஒருத்தர் இவ்ளோ தூரம் மொபெட் பின்னாடியே பொறுமையா வந்து பாத்திருக்கீங்களா? அந்தப் பொண்ணு வந்துச்சு சார்!”

அவர் கொஞ்ச நேரம் காரைச் சுற்றி வந்தார். பிறகு நிர்மலாவிடம், “ரெண்டாவது கார் செய்யுங்க. ஆனா அதுக்கு முன்னாடி இந்த ரோட்ல நாலு எடத்துலயாவது சார்ஜுக்கு வழி பண்ணணும். அதையும் சேர்த்தே செய்வோம்” என்றார்.

நிர்மலா அப்போதுதான் எஸ்தரிடம் சாப்பாடு கேட்டாள்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வேகத்தை ஒரு ஷெட்டுக்குள் செய்துவிடலாம். தூரத்தைச் செய்ய முடியாது. அதற்கு ஊர் ஊராகக் கரண்ட் வேண்டும், போகாத கரண்ட் வேண்டும். பெட்ரோல் பங்க்காரர்கள் இப்போதைக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ரொம்ப நாள் தூங்கவும் வேண்டாம்.

திரும்பும்போது பெங்களூர் வரைக்கும் மேடு. கார் லாரியில்தான் போனது. இரண்டாவது காருக்கு மெல்லிசான தோலாகக் கொடுக்கப்போகிறேன். பேரணாம்பட்டில் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

கயிறு மட்டும் இன்னும் ஜீப்பில்தான் கிடக்கிறது. நம்பிக்கை வேறு... கயிறு வேறு!