பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் தளம்

திருவிடைமருதூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றின் தலைவரம்மாவை ஒரே ஒரு முறைதான் சந்தித்தேன். பள்ளிகளுக்கான டெல்லிப் பணம் புதுத் திட்டத்தில் நேராக ஊருக்கே வரத் தொடங்கியிருந்த சமயம். அதை எப்படிச் செலவழித்தார்கள் என்று பார்த்து அறிக்கை எழுத, பட்டம் வாங்கிய சூட்டோடு நான் போயிருந்தேன்.

அந்தப் பணத்தில் பள்ளி வாசலில் பிள்ளைகள் விளையாடப் போட்ட சிமெண்ட் தளம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது; பெண்கள் நாலைந்து பேர் கிளறிக்கொண்டிருந்தார்கள். தலைவரம்மா நல்ல உயரம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என்னோடு பேசும்போதும் பாதத்தால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடந்தார்.

"இது விளையாடுற இடம் இல்லையாம்மா?"

"தம்பி, போன அறுப்புக்கு நெல்லை ரோட்டுல காயப்போட்டோம். கிளற வந்த பொம்பளைங்களோட பிள்ளைங்களும் அங்கேயே கிடந்துச்சுங்க. வாத்தியாரு பெஞ்சுக்குப் பாடம் நடத்துனாரு. வருகை இன்னும் குறைஞ்சா பள்ளிக்கூடத்தை மூடி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரோட சேத்துடுவோம்னுட்டாங்க. இப்ப அம்மா வெளில கிளறுது, பிள்ளை உள்ள படிக்குது."

எட்டிப் பார்த்தேன். வகுப்பில் உட்கார இடமில்லை.

"நெல்லு யாரோடதும்மா?"

"என்னுதுதான். அடுத்தவங்களுதா இருந்தா, தலைவி வாடகை வாங்குறான்னு நீங்களே எழுதிட மாட்டீங்களா?"

பணம் முறையாகச் செலவாகியிருக்கிறது என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அவர் பள்ளியைக் காப்பாற்றினாரா, தன் நெல்லைக் காயவைத்துக்கொண்டாரா என்று தஞ்சாவூர் வரை பஸ்ஸில் யோசித்தேன். இன்னும் பிடிபடவில்லை. பள்ளிக்கூடம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.