கோதுமைச் சில்லு

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் பால் கிடைப்பது கஷ்டம். மாடுகள் கறக்காமல் இல்லை. கறந்ததெல்லாம் குற்றாலத்துக்குப் போய்விடும். வெளியூர்க்காரர்கள் அருவியில் குளித்துவிட்டு வந்து சூடாகக் காபி குடிக்க வேண்டும் என்பதற்காக, பக்கத்திலேயே குடியிருக்கும் நாங்கள் கடுங்காபி குடிப்போம். முட்டை, வெண்ணெய் எல்லாம் அதே பாதையில்தான் போகும். அறுபதுகளின் நடுவில் அரிசிக்கும் பஞ்சம் வந்து, ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிது.

அந்தச் சாரலில்தான் என் மாமனாருக்கு வயிற்றுப்புண் வந்தது. வயிற்றைக் காலியாக விடக்கூடாது, அடிக்கடி இரண்டு பிஸ்கட் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமனார் அதைத் தீர்ப்பைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். சுதந்திரத்துக்கு முன்னால் சில மாதம் ஜெயிலில் இருந்தவர். அன்றிலிருந்து கதர்தான். பிஸ்கட் என்பது துரைமார் நாய்க்குப் போட்ட பண்டம் என்பது அவருடைய கட்சி. என் கணவர் ஒருமுறை மெட்ராஸிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவந்தபோது, புறவாசலில் வைத்துத் தின்றுவிட்டு, வாய் கொப்பளித்த பிறகுதான் வீட்டுக்குள் வர முடிந்ததாம்.

"எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது" என்று டாக்டர் போனதும் மாமனார் சொல்லிவிட்டார். அவர் சம்மதித்திருந்தாலும் பயனில்லை. மைதா கிடைக்காமல் பஜாரில் இருந்த பேக்கரியை மூடியிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் பேப்பரைப் பாதியில் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், மகனிடம் சொல்லவேண்டாம் என்று கையைக் காட்டினார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கணவர் கொழும்பில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். லாத்தா தன் கையால் ஒரு பிஸ்கட்கூடச் சுட்டதில்லை. ஆனால் கணவர் லீவில் வந்து சொன்ன கதைகளிலிருந்து முழுத் தொழிலையும் கற்றிருந்தாள். மைதா, வெண்ணெய், முட்டை, பால், சீனி என்று அடுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். பிறகு வீட்டில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். கோதுமை, வனஸ்பதி, கருப்பட்டி, ஓமம், ஆப்பசோடா.

லாத்தா சிரித்தாள். "செஞ்சுரலாம். ஆனா அத பிஸ்கட்டுன்னு மட்டும் சொல்லாத."

முட்டை கிடைக்காதது ஒருவிதத்தில் வசதி. எங்கள் சைவ வீட்டில் அது சேராது. இல்லாமையைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ளலாம். கோதுமையைத் திரித்துத் துணியில் சலித்தேன். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, வனஸ்பதி, ஓமம், ஆப்பசோடாவோடு மாவில் சேர்த்துப் பிசைந்து, தம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டினேன். சட்டிக்குள் ஆற்றுமணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்துச் சுடவேண்டும் என்று லாத்தா சொல்லியிருந்தாள். அந்தச் சாரலில் மணல் எங்கே காயும்? மணலுக்குப் பதில் கல்லுப்பைப் பரப்பினேன். மூடிக்கு மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலை அள்ளிப் போட்டேன்.

முதல் ஈடு அடியில் கரி, மேலே பச்சை மாவு. இரண்டாவது ஈடு நல்ல நிறமாக வந்தது. ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது, உடையவில்லை.

மாமனாரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

"இது என்னட்டி?"

"கோதுமைச் சில்லு, மாமா."

கடைவாய்க்குக் கொண்டுபோய்க் கடித்தார். சீனி போட்டாயா என்றார். கருப்பட்டி என்றதும் முகம் தெளிந்தது. கோதுமை ஏது என்றார். ரேஷன் கடை என்றேன். ரேஷன் கோதுமை எந்த நாட்டுக் கப்பலில் வந்தது என்பது ஊருக்கே தெரியும். அதைக் கண்டித்து வாசகசாலையில் பேசியவரே அவர்தான். அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்த சில்லை எடுத்துக்கொண்டார்.

சில நாட்களிலேயே எரிச்சல் தணிந்தது. பிறகு சில்லைக் கதர்ப் பையில் போட்டுக்கொண்டு வாசகசாலைக்குப் போக ஆரம்பித்தார். நம்முடைய உணவே நமக்கு மருந்து என்று சொல்லி, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தார். பல் இல்லாதவர்கள் அதை மடியில் முடிந்துகொண்டு போனார்களாம்.

அந்த சீசனுக்கு மெட்ராஸிலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். தன் மகளுக்கு மாமனாரே சில்லுத் தட்டை நீட்டினார். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பிஸ்கட்டுல்லா, அப்பா?" என்றாள்.

நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமனாரின் வாயில் ஒரு சில்லு இருந்தது. அதை மென்று முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

"பிஸ்கட்டுன்னா கடையில வாங்குதது. இது என் மருமவ செஞ்சது."

அதுவரை நான் அந்த வீட்டில் 'அவன் பெண்டாட்டி'. உள்ளே போய் இன்னும் நாலு எடுத்துவந்து நாத்தனார் முன்னால் வைத்தேன். அவள் பல்லுக்குப் பயந்து வேண்டாம் என்றாள்.

சீசன் முடிந்ததும் பாலும் வெண்ணெயும் ஊருக்குத் திரும்பின. பஜாரில் மைதாவும் வந்தது. இந்தத் தடவை முறைப்படி செய்தேன். அப்படி ஒரு பதம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை. மாமனார் ஒன்றைத் தின்றுவிட்டு, வாயில் போட்டதும் காணாமல் போகிறதே, இதில் என்ன இருக்கிறது, பழையபடியே செய் என்று சொல்லிவிட்டார். புண் ஆறிவிட்டது, இனிமேல் எல்லாம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். இன்னும் லேசாக எரிகிறது என்று மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆக, உறியில் வெண்ணெய் இருக்க, நான் ரேஷன் கோதுமையையும் வனஸ்பதியையும் பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு வாரம் ரேஷனில் அந்தக் கோதுமை வரவில்லை. மாமனார் கதர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், அமெரிக்காக்காரன் ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று சண்டை போட்டுவிட்டு வந்தார்.