பலகை மாற்றிய படகும் தங்கேஸ்வரி அக்காவும்

தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் எந்திரத்தின் அருகே நின்றிருந்தபோது தங்கேஸ்வரி அக்காவின் மகள் சுமதி அழைத்தாள். இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து நானே அழைத்தேன். "அம்மா போயிட்டாங்க மாமா" என்றாள். காலையில் வேலைக்குக் கிளம்பி, தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டும்போதே அக்கா சாய்ந்துவிட்டாராம்.

பந்தலூர்ப் பக்கம் அவரை அறியாதவர்கள் குறைவு. கொழுந்து பறிக்கும் பெண்களுக்காக அவர் தோட்டத்துத் துரைகளிடம் போட்ட சண்டைகளை இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். யாரும் சொல்லாமல் விட்டது அவருடைய படகைத்தான்.

எங்கள் அணையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வைத்திருந்த மீன்பிடிப் படகு அது. அக்காவின் கணவர் கோழிக்கோட்டிலிருந்து லாரியில் ஏற்றி, நாடுகாணி மலைப்பாதை வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டுவந்த மரப்படகு. அவர் இறந்த பிறகு துடுப்பை அக்கா எடுத்துக்கொண்டார். வேலை முடிந்து மாலையில் வலை விரிப்பார், விடிந்ததும் போய் இழுப்பார். பொம்பளை படகு ஓட்டலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: "யாரு ஓட்டுறாங்கன்னு தண்ணி கேக்குதா?"

ஒரு மழைக்காலத்தின் முடிவில், முன்பக்கத் தளத்தில் நின்று நான் வலையை இழுத்தேன். காலடியில் பலகை உடைந்து, முழங்கால்வரை உள்ளே போய்விட்டேன். பிய்த்துப் பார்த்தால், டீயில் நனைத்த ரஸ்க்கைப் போல மரம் கையோடு வந்தது. தளம் முழுக்க அப்படித்தான் உளுத்திருந்தது.

செய்தி எப்படியோ கரைமேல் இருந்த சொகுசு விடுதிக்குப் போனது. அதன் மேலாளர் எங்களைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்துப் பேசினார். பழைய படகை அவர்கள் புல்வெளியில் வைத்துப் பூச்செடி வளர்ப்பார்களாம். எங்களுக்குப் புது ஃபைபர் படகு வாங்கித் தருவார்களாம். ஆனால் விடுதிப் பக்கத்துத் தண்ணீரில் இனி நாங்கள் வலை போடக் கூடாது. மீன் இருப்பதே அந்தப் பக்கத்து ஆழத்தில்தான். இருந்தும் அக்காவைத் தவிர நாங்கள் மூன்று பேரும் தலையாட்டும் நிலையில் இருந்தோம். அக்கா தேநீரைத் தொடவில்லை.

"உசிரோட இருக்கிறதுக்கு எதுக்குங்க பூ? பலகைய நாங்க மாத்திக்கிறோம்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

திரும்பும் வழியில் நான் முணுமுணுத்தேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். "படகக் குடுக்கலாம் தம்பி. தண்ணியக் குடுத்துட்டு எங்க போறது? எங்கள ஒரு தடவ கப்பல்ல ஏத்தி அனுப்பினது போதும் தானே." சிறுமியாக இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர் அவர்.

அந்த வாரமே யாரோ மனுப் போட்டார்கள். படகு ஆபத்தானது என்றும், சரிசெய்து காட்டினால்தான் மீன்பிடிக்க அனுமதி என்றும் மீன்வளத் துறையிலிருந்து சொல்லிவிட்டார்கள். தேவர்சோலையில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது அதன் மச்சுப் பலகைகள் கிடைத்தன. நல்ல முற்றின பலா. ஜீப்பில் ஏற்றி வந்தோம். மாநில எல்லைக்கு அப்பாலிருந்து வந்த படகு ஆசாரி தளத்தைப் பிரித்ததும், அடியில் தாங்கும் குறுக்குச் சட்டங்களும் சில உளுத்திருப்பது தெரிந்தது. மேலே புதுப் பலகை அடித்துவிட்டால் சோதனைக்குப் போதும், சட்டங்களை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றோம். ஆசாரி அக்காவைப் பார்த்தார்.

"மேல மூடிட்டா அது பொய். அடியில இருந்தே போடுவோம்" என்றார் அக்கா.

போட்டோம். அக்கா தன் லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து, பலகை இடுக்குகளில் எண்ணெயும் குங்கிலியமும் தோய்த்த பஞ்சுத் திரியை அடித்து இறக்கினார். கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்து விழுந்தது.

சோதனை நாளில் அதிகாரியோடு விடுதி மேலாளரும் வந்திருந்தார். படகு கரையில் கட்டைகள்மேல் நின்றது. இந்தப் பழைய மரம் எத்தனை பேரைத் தாங்கும், யார் உத்தரவாதம் என்று மேலாளர் கேட்டார். அக்கா மேட்டைப் பார்த்துக் கையசைத்தார். அவரோடு கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிய படுதாவோடு, கூடையோடு இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவராகத் தளத்தில் ஏறினார்கள். நிற்க இடமில்லாமல் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஒரு பலகைகூட முனகவில்லை.

"இன்னும் பத்தலன்னா நீங்களும் ஏறுங்க சார்" என்றார் அக்கா.

மேலாளர் ஏறவில்லை. அதிகாரி நேர்மையானவர். குனிந்து சட்டங்களைத் தட்டிப் பார்த்தார். பிறகு தண்ணீரில் இறக்கச் சொல்லி, அக்காவோடு ஒரு சுற்றுப் போய் வந்தார். அவர் காலணியில் ஈரமில்லை. அனுமதி கிடைத்தது.

அதற்கப்புறமும் விடுதிக்காரர்கள் தங்கள் பக்கத்துத் தண்ணீரை மறித்து மிதவைக் கயிறு கட்டிப் பார்த்தார்கள். அக்கா தினமும் விருந்தினர்கள் பார்க்கும்படியே துடுப்பால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு அடியில் போய் வலை போட்டார். விசாரிக்க வந்தவர்களிடம், அணையில் கயிறு கட்ட யார் அனுமதி கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேட்டார். கடைசியில் கட்டியவர்களே அவிழ்த்தார்கள்.

கருமாதி முடிந்த கையோடு விடுதியிலிருந்து மறுபடி ஆள் வந்தது. அதே பேச்சு, இந்த முறை அக்கா இல்லை. நான் போனேன். போகும்போது, சோதனை முடிந்த அன்று அவர் என்னிடம் மட்டும் சொன்னதை நினைத்துக்கொண்டேன். "எனக்குக் காலு ரெண்டும் நடுங்கிச்சி தம்பி. பயம் நம்மகிட்டயே இருக்கட்டும். அத எதுக்கு அவங்க கையில குடுக்கணும்?"

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். மேசைக்கு அடியில் என் முழங்கால்கள் நடுங்கின. மேலே குரல் சரியாகவே வந்தது.

"தண்ணியக் குடுக்க முடியாதுங்க" என்றேன்.