நல்ல படம் போட்ட பாவத்துக்கு

பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலில், ஒரு கையால் சோறு ஊட்டும்போது மறு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வது நல்லது. எந்த நேரம் என்ன அதிர்ச்சி வரும் என்று சொல்ல முடியாது.

தெப்ராவில் என் வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஒருத்தி என் மகள் யாழினி. மற்ற நால்வரின் பெற்றோரும் விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். அதில் ரிஷி நடை பழகியதே என் வீட்டு ஹாலில்தான். இப்போது ஐந்து வயது. எங்கே பார்த்தானோ, திடீரென்று எல்லாரையும் குத்த ஆரம்பித்தான். "மாசக் கடைசிக்குள்ள இவன் மாறலன்னா வேற இடத்துல விட்டுடுவேன் சுமதி. டிவியும் அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம்" என்றார் அவன் அம்மா கோமதி அக்கா. நட்பு, நல்ல குணம் சொல்லும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களாகத் தேடிப் பிடித்தேன். நமக்கெல்லாம் வேறென்ன வழி தெரியும், சொல்லுங்கள்.

பங்கு

முதல் படத்தில் ஏழைப் பையன் தன் சாப்பாட்டில் பாதியை நண்பனுக்குக் கொடுக்கிறான். "டிவி கெட்டுப்போச்சா ஆன்ட்டி, கலரே இல்ல" என்று கேட்டாலும், ஐந்தும் அசையாமல் பார்த்தன. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ரிஷி தன் தட்டிலிருந்து யாழினி தட்டுக்கு அள்ளிப் போட்டான். கண் கலங்கிக் கிட்டே போனால், போனதெல்லாம் கீரை. பொரித்த கோழி பத்திரமாக அவன் தட்டிலேயே இருந்தது. கேட்டதற்குச் சொன்னான்: "ஃபிரெண்டுக்கு என்ன வேணும்னாலும் குடுப்பேன் ஆன்ட்டி. நாளைக்குப் பாகற்காய் செஞ்சா அதையும் குடுப்பேன்."

பழி

அடுத்த படத்தில் நண்பன் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான் ஒருவன். அதற்குப் பிறகு ரிஷி யாரையும் குத்தவில்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்ட அன்றே கண்ணாடி ஜாடி உடைந்தது. யார் என்றேன். ஐந்து கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று, சத்தம் கேட்டு அப்போதுதான் பாயிலிருந்து எழுந்து வந்த மூன்று வயதுக் குட்டியுடையது. "நான்தான் ஆன்ட்டி. தூங்கிக்கிட்டே உடைச்சேன்."

உண்மை

மூன்றாவது, உயிரே போனாலும் பொய் சொல்லாதவன் கதை. எப்போதும் முதல் ஆளாக வரும் கோமதி அக்கா அன்று ஒரு மணி நேரம் தாமதம். "பாலத்துல ஒரே ஜாம்லா" என்றார். ரிஷி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "பாலத்துல முடி வெட்டிவிடுவாங்களாம்மா?"

அக்காவின் கழுத்தில் துண்டு முடிகள் ஒட்டியிருந்தன. முகம் சிவக்க, "இப்படிப் பேச யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். ஆன்ட்டி போட்ட படம் என்றான். "அரை மணி நேரம்தான் போட்டேன் அக்கா" என்று நான் முந்திக்கொண்டேன். நான் பெற்ற மகள் பின்னாலிருந்து திருத்தினாள்: "முழுப் படமும் பார்த்தோம். நீங்க சோபாவுல குறட்டை விட்டீங்கம்மா."

அக்கா ஆணியில் மாட்டியிருந்த ரிஷியின் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். ரிஷி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று கையைத் தூக்கினான். "ஆன்ட்டி மேல தப்பில்லம்மா. நான்தான் தூங்க வச்சேன்." அவன் பின்னால் இன்னும் நான்கு கைகள் உயர்ந்தன.

அக்கா அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பையை மறுபடி ஆணியில் மாட்டினார். "நாளைக்கும் கொண்டாந்து விடுறேன். படமும் போடு, ஆனா அந்த உண்மை பேசுறவன் படம் மட்டும் வேண்டாம்லா."

பிள்ளைகளைத் திருத்தப் படம் போட்டதில் மாட்டிக்கொண்டது அதைப் பார்க்காத இரண்டு பேர்தான்: ஒருத்தி 'ஜாமில்' இருந்தாள், ஒருத்தி சோபாவில் இருந்தாள்.