வாயில் ஊசியும் வயிற்றில் சரக்குக்கறியும்

தையல் பழகும் பிள்ளைகளுக்கு மெஷினைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் வேறொன்று எழுதுகிறேன்.

1. பை

குடலில் கட்டி. வெட்டினார்கள். வெட்டிய இடம் ஆறும்வரை சிறுகுடலின் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துவிட்டு, அதன்மேல் ஒரு பை ஒட்டினார்கள். மலம் அதற்குள் விழும். நான் ஆரையம்பதியில் தனியாக இருந்து தைக்கிறவள். லைனிங் துண்டில் பைக்கு உறை தைத்து, மேலே தொளதொளவென்று சோட்டிக் கவுன் போட்டேன். அளவு கொடுக்க வந்த ஒருத்திக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு நேசமக்கா மட்டும் என்ன ஆபரேஷன் என்று கேட்டு விடவில்லை. கர்ப்பப்பை எடுத்ததாகச் சொன்னேன். மலம் என்று சொல்ல வாய் வரவில்லை.

2. ஆயத்தம்

குடலைத் திரும்ப உள்ளே பொருத்த நாள் தந்தார்கள்.

"வீட்ட ஆர் நிக்கிற?" என்று கேட்டார் நர்ஸ்.

"ஒருத்தரும் இல்ல மிஸ்."

"அப்ப வாளி தூக்கப்படாது. குடல் பழகுமட்டும் வெறுஞ்சோறு, பாண், வாழப்பழம். உறைப்புத் தொடப்படாது. வந்தா அடக்கேலாது, விளங்குதா?"

விளங்கியது. கக்கூஸ் கிணற்றடியில் இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே மெஷினைப் பின்னறைக்குத் தள்ளினேன். வாளிக்குப் பதில் சின்ன ஜக்குகள். அலுமாரியில் நாப்கின். எல்லாம் சரி என்று நினைத்தேன்.

3. சரக்குக்கறி

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் நேசமக்கா சட்டியோடு வந்தாள். மிளகும் உள்ளிப்பூண்டும் அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் கறி.

"கர்ப்பப்பை எடுத்த உடம்பு புள்ள. இது தின்னாம எப்பிடிப் புண் காயும்? தின்னு, நான் பாக்கணும்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தின்றேன்.

அடுத்த நாள் காலை காத்தான்குடி ரிஹானா, கல்யாண வீட்டுக்குப் போடும் நீளச் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தாள். முழங்காலில் நின்று, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மடிப்புக் குத்தினேன். கறி வேலையைக் காட்டியது. ஊசி விழாமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். பின்கதவு தாண்டவில்லை. சோட்டியோடு போய்விட்டது. அப்படியே குந்திவிட்டேன்.

"யா அல்லாஹ்! அக்கா ஊசிய முழுங்கிட்டா! ஓடி வாங்க!"

நேசமக்கா வாழைப்பழச் சீப்போடு வேலி தாண்டி வந்தாள். "முழுசா முழுங்கு புள்ள, ஊசி வழுக்கிக்கிட்டு வந்திரும்!" என்று பழத்தை வாயில் திணிக்கப் பார்த்தாள்.

ஊசிகளைத் துப்பினேன்.

"ஊசி இல்லடி, பீ! குடல வெட்டி ஒட்டினது! கர்ப்பப்பை அங்கதான் கிடக்கு!"

நாற்றம் அப்போதுதான் அவர்களுக்கு எட்டியது போல. ரிஹானா ஊசி குத்திய சட்டையோடு கிணற்றில் தண்ணீர் அள்ளினாள். நேசமக்காவுக்குக் கோபம்.

"அப்ப ஏன் புள்ள என்ட கறியத் தின்ன?"

நான் ஜக்கை எடுத்துக் காலைக் கழுவினேன்.

மத்தியானம் அவளே குழையச் சோறு வடித்துக் கொண்டுவந்து வைத்தாள். நான் நிமிரவில்லை. ரிஹானா இன்றும் என்னிடம்தான் தைக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அளவெடுக்கிறேன்.

வெட்கம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை வைத்துக்கொண்டே, எதை வெட்டினார்கள் என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவளிடம் முதலே சொல்லிவிடுங்கள். குண்டூசியை வாயில் வைக்காதீர்கள். அவசரத்துக்குப் பேச வாய் வேண்டும்.